உள்ளே செவ்வாய்க்கிழமை

இந்தக் கம்ப்யூட்டர் புதிய விண்டோஸுக்கு ஏற்றதல்ல என்று திரையில் ரஷ்ய மொழியில் வந்து நின்றது. சாய்கல் எல்லாவற்றையும் மூடிவிட்டு ஆரம்பத்திலிருந்து மறுபடியும் பொத்தான்களை அழுத்திப் பார்த்தாள். அது மறுபடியும் அதையே சொன்னது. இந்த முறை கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னது, அவ்வளவுதான் வித்தியாசம்.

"என்னவாம்?" என்று கேட்டாள் பூபூசரா, குளிர்காயும் அடுப்புப் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு.

"நாம வேணாமாம் அதுக்கு."

"அது சரி. யாருக்குத்தான் நாம வேணும்?"

அக்-கெச்சூ என்ற மலையூரின் கால்நடைப் பதிவு அலுவலகத்தில் இருப்பது இவர்கள் இரண்டு பேர்தான். ஊரிலும் சுற்றியிருக்கும் மேய்ச்சல் நிலங்களிலும் ஓர் ஆடோ மாடோ குதிரையோ பிறந்தாலும் செத்தாலும் கை மாறினாலும், அதன் காதில் மாட்டிய பட்டையின் எண்ணோடு தடிப் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். அதுதான் வேலை. பூபூசராவுக்கு ஓய்வு பெறும் காலம் நெருங்கிவிட்டது. உலகம் நாளைக்கு அழிகிறது என்று யாராவது வந்து சொன்னாலும் தலையை ஆட்டிவிட்டு இன்னொரு கிண்ணம் தேநீர் ஊற்றிக்கொள்வாள்.

சாய்கலுக்கு அந்த வசதி இல்லை. அவள் கணவன் சமத் மாஸ்கோவுக்குக் கட்டட வேலைக்குப் போய் முதுகை அங்கேயே விட்டுவிட்டு வந்தவன். இப்போது சோபாவில் படுத்தபடி தொலைக்காட்சியில் வானிலை பார்ப்பதுதான் அவனுடைய ஒரே வேலை. வானிலை எப்போதும் மோசமாகவே இருந்ததால் அவனுக்கு அதில் ஒரு ஆறுதல். மகள் தலைநகர் பிஷ்கெக்கில் நர்ஸ் படிப்புப் படிக்கிறாள். ஆக, மொத்தக் குடும்பமும் உட்கார்ந்திருந்தது சாய்கலின் இந்த ஒரு நாற்காலியில்தான்.

அந்த நாற்காலிக்குத்தான் இப்போது ஆபத்து வந்திருந்தது. காலையில் மாகாண அலுவலகத்திலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் பேசினாள். வியாழக்கிழமை ஆய்வுக் குழு வருகிறது, போன மாதம் குறுந்தட்டில் போட்டு அனுப்பிய புதிய பதிவு மென்பொருள் உங்கள் அலுவலகத்தில் ஓடுகிறதா என்று பார்க்கும் என்றாள். ஓடாவிட்டால் என்ன ஆகும் என்று சாய்கல் கேட்டாள். குறித்துக்கொள்வார்கள் என்று சொல்லி அந்தப் பெண் வைத்துவிட்டாள்.

குறித்துக்கொள்வார்கள் என்பதன் அர்த்தத்தைப் பூபூசரா விளக்கினாள். அவளுடைய தங்கையின் சம்பந்தி மாகாண அலுவலகத்தில் வாசல் காவலாளி. சில அலுவலகங்களை மூடப்போகிறார்கள் என்று அவர் காதில் விழுந்திருக்கிறது.

"எந்த ஆபீஸ்னு சொன்னாரா அக்கா?"

"அது அவரு காதுல விழல. லிஃப்ட் கதவு மூடிக்கிச்சாம்." பூபூசரா தேநீரை ஊதிக் குடித்தாள். "ஆனா இதுல யோசிக்க என்ன இருக்கு? ஓடாத குதிரையைத்தானே அறுப்பாங்க."

சாய்கல் மறுபடி திரையைப் பார்த்தாள். புதிய மென்பொருள் புதிய விண்டோஸில் மட்டும்தான் ஓடும். புதிய விண்டோஸ் இந்தக் கம்ப்யூட்டரில் ஏறமாட்டேன் என்கிறது. இந்தக் கம்ப்யூட்டரோ ஏதோ ஒரு வெளிநாட்டு உதவித் திட்டத்தில் வந்தது. கொடுத்தவர்கள் ரிப்பன் வெட்டி, அதோடு நின்று படம் எடுத்துக்கொண்டு போனார்கள். அப்போது சாய்கலின் மகள் பள்ளிக்கூடம்கூடப் போக ஆரம்பிக்கவில்லை.

வேறு வழியில்லாமல் கொழுந்தனைக் கூப்பிட்டாள். துர்குன் சந்தையில் ஒரு கன்டெய்னர் பெட்டிக்குள் செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தான். நாற்பதைத் தாண்டியவன், ஆனால் நம்பிக்கை மட்டும் இன்னும் இருபதிலேயே நின்றிருந்தது. அவன் கைபட்ட போன் எதுவும் பிழைத்துக்கொள்ளும். என்ன, ஒன்றில் மணி அடிக்காது, ஒன்றில் டார்ச் விளக்கு அணையாது. சொந்தக்காரன் என்பதால் யாரும் பெரிதாகக் குறை சொல்வதில்லை. அக்-கெச்சூவில் எல்லாரும் எல்லாருக்கும் சொந்தம்தான்.

அவன் பெட்டியைத் திறந்து பார்த்தான், தூசியை ஊதினான், மூடினான்.

"அண்ணி, இதுல நேரா ஏறாது. ஆனா இதுக்குள்ள இன்னொரு கம்ப்யூட்டர் செய்யலாம்."

"இதுக்குள்ள எலி போகவே இடம் இல்லையேப்பா."

"நிஜ கம்ப்யூட்டர் இல்ல. இருக்கிற மாதிரி. அதுக்குள்ள விண்டோஸை ஏத்தினா, அதுக்கு வெளிய என்ன கெடக்குன்னே தெரியாது. நீ புத்தம்புது மெஷின்ல இருக்கேன்னு நாம சொன்னா, சரிங்கும்."

"பொய் சொல்லச் சொல்ற."

"மனுஷங்ககிட்ட இல்லையே அண்ணி. ஒரு பொட்டிகிட்டதான."

வியாழக்கிழமை வருவது மனிதர்கள்தான் என்பது சாய்கலுக்கு உறுத்தியது. ஆனால் சோபாவில் கிடந்த சமத்தின் முகம் அதைவிட அதிகமாக உறுத்தியது. சரி, செய் என்றாள்.

துர்குன் பென் டிரைவில் கொண்டுவந்ததை ஏற்றி, எதையெதையோ மாற்றி, அன்று பொழுது சாய்வதற்குள் ஒரு வேலையை முடித்துவிட்டான். பழைய திரைக்குள் ஒரு ஜன்னல் திறந்தது, அந்த ஜன்னலுக்குள் புதிய விண்டோஸின் நீலம் தெரிந்தது. பூபூசராகூட எழுந்து வந்து பார்த்தாள். ஆனால் அது நடக்கிற வேகத்தைப் பார்த்தால் பனியில் மாட்டிய கழுதை தேவலாம். உள்ளே இருப்பதற்கு இன்னும் கொஞ்சம் மெமரி ஒதுக்கினால் சரியாகிவிடும் என்று துர்குன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, கடை வாசலில் யாரோ சண்டை போடுகிறார்கள் என்று அவனுக்குத் தொலைபேசி வந்தது. எங்கே போய் அதைக் கூட்ட வேண்டும் என்று அண்ணிக்குக் காட்டிவிட்டு ஓடினான்.

அங்கேதான் வினை பிடித்தது. அந்த மென்பொருளை ரஷ்ய மொழியில் பெயர்த்தவர்கள் உள்ளே இருக்கும் கம்ப்யூட்டருக்கு விருந்தாளி என்றும், வெளியே இருப்பதற்கு வீட்டுக்காரர் என்றும் பெயர் வைத்திருந்தார்கள். வீட்டில் இருப்பதில் விருந்தாளிக்கு எவ்வளவு என்று கேட்டு ஒரு கோடும், அதில் நகர்த்த ஒரு பொத்தானும் இருந்தன. சாய்கல் அதைப் பாதிவரைக்கும் இழுத்தாள். பச்சையாக இருந்தது.

பூபூசரா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். "விருந்தாளிக்குப் பாதியா? இது யாரு வீட்டுப் பழக்கம்?"

"கம்ப்யூட்டர்தான அக்கா."

"இருக்கட்டுமே. நீ பாதிய எடுத்து வெச்சுக்கிட்டு மீதிய அதுக்குப் போடுவியா? வெளிய தெரிஞ்சா என்ன நெனப்பாங்க?"

சாய்கலுக்கும் அது கேவலமாகத்தான் பட்டது. இந்த ஊரில் விருந்தாளி வந்தால் வீட்டில் இருக்கும் கடைசி இறைச்சித் துண்டும் அவர் தட்டுக்குப் போகும். அவர் போன பிறகு வீட்டுக்காரர்கள் ஒரு வாரம் எலும்பை வேகவைத்துக் குடிப்பார்கள், அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொள்வார்கள். அவள் பொத்தானைக் கோடு முடிகிற இடம்வரை இழுத்தாள். கோடு சிவப்பானது. சிவப்பு நல்ல நிறம்தானே என்று இருவரும் திருப்திப்பட்டுக்கொண்டார்கள்.

புதிய விண்டோஸ் கண் இமைக்கிற நேரம் அழகாக வந்து நின்றது. அப்புறம் எல்லாம் நின்றது. மவுஸ் நின்றது, மூலையிலிருந்த கடிகாரம் நின்றது, கடைசியில் திரையே கறுத்துப்போனது.

மறுநாள் செவ்வாய்க்கிழமை காலையில் துர்குன் வந்து பார்த்து இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டான்.

"எல்லாத்தையும் அதுக்கே குடுத்துட்டா வீட்டுக்காரன் எதைத் தின்பான் அண்ணி? பட்டினியில செத்துட்டான். வீட்டுக்காரன் செத்துட்டா விருந்தாளி எங்க உக்காருவான்?"

"நம்ம ஊர்ல உக்காந்துதான் இருப்பாங்க," என்றாள் பூபூசரா.

செத்ததைத் துர்குன் ஒருவழியாக எழுப்பினான். ஆனால் விருந்தாளியையும் வீட்டுக்காரரையும் பட்டினி போடாமல் வைத்துக்கொள்ள இருக்கிற மெமரி போதாது என்பது இப்போது தெளிவாகிவிட்டது. இந்தக் காலத்துக் கடையில் இந்தப் பழைய ரகம் கிடைக்காது. ஊரில் இதே வயதுடைய கம்ப்யூட்டர் இன்னொன்று இருந்தது, விசேஷ மண்டபத்தில் பாட்டுப் போடுவதற்கு. துர்குன் மண்டபக்காரனிடம் என்ன சொன்னானோ தெரியாது, அதன் மெமரியைப் பிடுங்கிக் கையில் பொத்திக்கொண்டு வந்துவிட்டான். அன்று மாலை மண்டபத்தில் நடந்த தொட்டில் விழாவில் வந்தவர்கள் வாயாலேயே பாடி ஆடினார்கள்.

மெமரியைச் சேர்த்ததும் நன்றாகவே ஓடியது. ஓடியதால் சூடானது. உள்ளேயிருந்த விசிறி மாவு மில் மாதிரி சத்தம் போட்டது, கொஞ்ச நேரத்தில் எல்லாம் தானாக அணைந்தது. மறுபடி ஏற்றினார்கள், மறுபடி அணைந்தது. துர்குன் பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினான். போதவில்லை. அடுப்பை அணைத்தார்கள். போதவில்லை. கடைசியில் ஜன்னலை அகலத் திறந்து, கம்ப்யூட்டர் பெட்டியை ஜன்னல் கட்டையில் வெளிக்காற்று படும்படி தூக்கி வைத்தான். ஜனவரி மாதத்து அக்-கெச்சூ காற்று. கயிற்றில் காயப்போட்ட சட்டை கதவு மாதிரி விறைத்து நிற்கும் காற்று.

கம்ப்யூட்டருக்கு அது மிகவும் பிடித்துப்போனது. மனிதர்களுக்குத்தான் தாங்கவில்லை. சாய்கல் கோட்டு, அதன்மேல் சமத்தின் கோட்டு, தலையில் ரோமத் தொப்பி என்று உட்கார்ந்து, விரல் நுனி வெட்டிய கையுறையோடு எழுத்துகளைத் தட்டினாள். பூபூசரா இதெல்லாம் தன் வயதுக்கு ஆகாது என்று அடுத்த அறைக்கு, அங்கிருந்த இன்னொரு அடுப்பின் பக்கத்துக்கு, நாற்காலியோடு குடிபெயர்ந்தாள். அங்கிருந்தே, மூடினா மூடிட்டுப் போகட்டும், இப்படிச் செத்தா சம்பளம் யாருக்கு என்று குரல் கொடுத்துக்கொண்டிருந்தாள். சாய்கலுக்குக் கோபம் வந்தது. மூடினால் பூபூசராவுக்குப் பென்ஷன் வரும், தனக்கு என்ன வரும்? அந்தக் குளிரில் உட்கார்ந்து அவள் கொஞ்சம் அழுதாள். அழுதால் கன்னம் விறைக்கிறது என்று நிறுத்திக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் புதிய பதிவு மென்பொருளும் ஏறிவிட்டது. அணைத்துவிட்டு மறுபடி போட்டால் என்ன ஆகுமோ என்று சாய்கல் பயந்தாள். துர்குனுக்கும் அதே பயம்தான், ஆனால் அதை அவன் தொழில்நுட்பமாகச் சொன்னான்.

"அணைக்க வேணாம் அண்ணி. உள்ளாளை அப்படியே நிறுத்தி வெச்சிருவோம். பால்கனியில இறைச்சிய உறைய வெக்கிற மாதிரி. வியாழக்கிழமை எடுத்தா, வெச்ச எடத்துலருந்து எந்திரிப்பான்."

புதன்கிழமை துர்குன் தன்னுடைய ஆட்டைக் கொண்டுவந்தான். ஆய்வுக் குழு வருகிற இடத்தில் ஆடு அறுக்காமல் இருப்பது என்பது இங்கே யாருக்கும் தோன்றக்கூடத் தோன்றாது. அறுத்த ஆட்டின் காதுப் பட்டையைக் கொண்டுவந்து கணக்கு முடிக்க வேண்டும் என்பது சட்டம். சட்டப்படி அந்த மஞ்சள் பட்டையைக் கழுவி சாய்கலின் மேசையில் வைத்தார்கள்.

வியாழக்கிழமை வந்தது. ஆய்வுக் குழு என்று வேனிலிருந்து இறங்கியது இரண்டு பேர். எசென்குல் என்ற ஒல்லியான அதிகாரி ஆய்வு, மார்ஸ் என்ற கனத்த டிரைவர் குழு. எசென்குல் வயிற்றுக் கோளாறு உள்ளவர் போல முகத்தை வைத்துக்கொண்டிருந்தார். முந்தைய ஊரில் சாப்பிட்டாயிற்று, நேராகக் கம்ப்யூட்டரைப் பார்த்துவிடலாம் என்றார்.

அதே நேரத்தில் ஜன்னலோர அறையில் துர்குன், உறைந்து கிடந்த விருந்தாளியை எழுப்பிக்கொண்டிருந்தான். திரையில் வெள்ளைப் புள்ளிகள் வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருந்தன. கதவிடுக்கில் அவன் தலையை நீட்டி, இல்லை என்று ஆட்டினான்.

"மொதல்ல ரொட்டிய வாயில வையுங்க ஐயா," என்றாள் சாய்கல்.

நீட்டிய ரொட்டியை மறுக்க முடியாது. எசென்குல் ஒரு துண்டு பிய்த்துக்கொண்டு, அடுப்பு எரிந்த அடுத்த அறையில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவருக்கு முன்னால் தேநீர் வந்தது, எண்ணெயில் பொரித்த போர்சோக் மாவுத்துண்டுக் குவியல் வந்தது, மூன்று வகைப் பழப்பாகு வந்தது. துர்குன் தலையை நீட்டினான், ஆட்டினான். ஈரலும் உருளைக்கிழங்கும் சேர்த்து வதக்கியது வந்தது. துர்குன் தலை மறுபடி ஆடியது.

விருந்து முடிந்தது என்றால் பெரியவர் இரண்டு கையையும் தூக்கி ஆசி சொல்லுவார், எல்லாரும் ஆமீன் என்று முகத்தைத் தடவிக்கொள்வார்கள். அதற்குப் பிறகு யாரும் எதையும் பரிமாற முடியாது, எழுந்துதான் ஆக வேண்டும். எசென்குல் கையைத் தூக்கப் பார்த்தார். பூபூசரா அந்தக் கையில் ஒரு கிண்ணம் சூப்பைக் கொடுத்தாள். குடித்துவிட்டு மறுபடி தூக்கினார். ஆட்டுத் தலை வந்து அவர் முன்னால் உட்கார்ந்தது. மரியாதைக்குரியவர்தான் அதை அறுத்துப் பங்கிட வேண்டும். அவர் பெருமூச்சு விட்டுக் கத்தியை வாங்கினார்.

மார்ஸுக்கு எந்த அவசரமும் இல்லை. எங்கே போனாலும் இவரு இப்படித்தான் பறப்பாரு, நீங்க வெய்யுங்க என்று சொல்லித் தட்டை நீட்டினார். இடுப்பு எலும்பு, தொடை, அப்புறம் மாவுப் பட்டைகளும் இறைச்சியும் கலந்து மேலே வெங்காயச் சாறு ஊற்றிய பெஷ்பர்மாக் என்று வந்துகொண்டே இருந்தது. எசென்குல் இடுப்புப் பட்டையை ஒரு துளை தளர்த்தினார். பிறகு பேச்சையும் நிறுத்திவிட்டார்.

இனி அடுப்பில் ஒன்றுமில்லை, எலும்புதான் பாக்கி என்று பூபூசரா சாய்கலின் காதில் சொன்னபோது கதவிடுக்கில் துர்குனின் தலை மேலும் கீழுமாக ஆடியது. சாய்கல் தானே சட்டென்று இரண்டு கையையும் தூக்கி, "எல்லாருக்கும் நல்லது நடக்கட்டும், ஆமீன்," என்று முகத்தைத் தடவிக்கொண்டாள். எசென்குலின் வாயில் அப்போது நிறைய மாவு இருந்தது. அவர் அப்படியே எழுந்தார்.

ஜன்னலோர அறைக்குள் போனதும் அவருக்கு மூச்சு ஒரு கணம் நின்றது.

"ஜன்னலை ஏன் தெறந்து போட்டிருக்கீங்க?"

"காத்தோட்டத்துக்குங்க," என்றான் துர்குன். பெட்டி தெரியாதபடி திரைச்சீலையை இழுத்துவிட்டிருந்தான். திரைச்சீலை தன்பாட்டுக்கு உறுமிக்கொண்டிருந்தது.

மேசையில் புதிய விண்டோஸ் திரை முழுக்க விரிந்து, பளபளவென்று நின்றது. ஒரு கால்நடையைப் பதிந்து காட்டுங்கள் என்றார் எசென்குல். சாய்கலுக்குத் தெரிந்த எண் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. கண்ணில் பட்டது மேசைமேல் கிடந்த மஞ்சள் பட்டை. அந்த எண்ணைத் தட்டினாள். மவுஸை நகர்த்தும்போது அது திரையின் மேல் ஓரத்தில் இடித்தது, உடனே மேலேயிருந்து பழைய கம்ப்யூட்டரின் சாம்பல் நிறப் பட்டி ஒன்று பொத்தென்று இறங்கியது.

"இது என்ன?"

"பாதுகாப்பு," என்றான் துர்குன்.

எசென்குல் மெச்சிக்கொள்வது போலத் தலையசைத்தார். பட்டி மேலே போனது. பதிவு விழுந்தது. ஆடு, வெள்ளை, பெண், உயிருடன், நலம். நாள் என்ற இடத்தில் செவ்வாய்க்கிழமை என்றிருந்தது. உள்ளே இருந்த கம்ப்யூட்டரை உறைய வைத்தது செவ்வாய்க்கிழமை, அதற்கு இன்னும் செவ்வாய்க்கிழமைதான்.

"இன்னிக்கு வியாழன் இல்லையா?"

சாய்கலுக்கு வீட்டு வாடகையும் மகளின் படிப்பும் சமத்தின் ஊசியும் வரிசையாகக் கண் முன்னால் வந்து போயின.

"செவ்வாய்க்கிழமைதான் ஆட்டைப் பாத்தோம் ஐயா," என்றாள். "பாத்த நாளைத்தானே போடணும்."

அது உண்மைதான். செவ்வாய்க்கிழமை அந்த ஆடு உயிருடன், நலமாகத்தான் இருந்தது. அன்றைக்கு அதுவரை அந்த அறையில் சொல்லப்பட்டவற்றில் அந்த ஒன்றுதான் உண்மை.

"இப்ப ஆடு எங்க இருக்கு?"

பூபூசரா அவருடைய தளர்ந்த இடுப்புப் பட்டையைப் பார்த்தாள். "எங்கயும் போகலைங்க. இங்கதான் இருக்கு."

எசென்குல் தன் பட்டையைக் குனிந்து பார்த்துவிட்டு, போன மார்ச் மாதம் பிறந்த கன்று, கை மாறிய குதிரை என்று இன்னும் சிலவற்றைப் பதியச் சொன்னார். ஒவ்வொன்றும் மெதுவாக, முனகிக்கொண்டு, ஆனால் விழுந்தது. அவர் கைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து, குளிரில் எழுதாத பேனாவை உள்ளங்கையில் உருட்டிச் சூடாக்கி, ஒரு கட்டத்தில் அடையாளம் போட்டார்.

"இந்த மலைப் பக்கம் நான் போன எடத்துல எல்லாம், ஓடுறது உங்களுது ஒண்ணுதான்," என்றார்.

சாய்கலுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. துர்குன் திரைச்சீலையைப் பார்த்துச் சிரித்தான். எசென்குல் மட்டும் சிரிக்கவில்லை. சாய்கலின் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்து, எத்தனை வருடமாக இங்கே இருக்கிறீர்கள் என்று விசாரித்தார். மகள் என்ன படிக்கிறாள் என்று கேட்டார். நன்றாக உழைத்திருக்கிறீர்கள் என்று சாவு வீட்டில் சொல்வது போலத் தாழ்ந்த குரலில் சொன்னார். தலைக்கறி ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது, பாவம் என்று சாய்கல் நினைத்துக்கொண்டாள்.

அவர் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கும்போதே அவள் நடைக்கு ஓடி வீட்டுக்குத் தொலைபேசி செய்தாள். ஓடுச்சு, பாத்துட்டாங்க, நம்மதுதான் ஒரே ஆபீஸ் என்று மூச்சு வாங்கச் சொன்னாள். மறுமுனையில் தொலைக்காட்சிச் சத்தம் நின்றது. சோபா கிறீச்சிட, சமத் எழுந்து உட்காரும் சத்தம் கேட்டது. பிறகு, ராத்திரிக்கு உருளைக்கிழங்கை நானே உரிக்கிறேன், நீ வந்து உக்காரு என்றான். அவன் அடுப்படிக்குப் போய் வருடக்கணக்காகிறது. சாய்கல் சுவரில் சாய்ந்து, சின்னப் பெண் மாதிரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பயம் போனதும் பசி தெரிந்தது. திங்கட்கிழமையிலிருந்து அவள் ஒழுங்காகச் சாப்பிடவே இல்லை.

வந்தவர்களை வெறும் கையோடு அனுப்பக் கூடாது. மீதமிருந்த இறைச்சியைத் துணியில் கட்டி எடுத்துக்கொண்டு அவள் வெளியே வந்தாள். எசென்குல் இன்னும் உள்ளே பூபூசராவிடம் விடைபெற்றுக்கொண்டிருந்தார், அதாவது பூபூசரா விடவில்லை. வேனில் மார்ஸ் மட்டும் கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"வீட்டுல பிள்ளைங்களுக்குக் குடுங்க அண்ணே," என்று பொட்டலத்தை நீட்டினாள்.

அவர் அதை வாங்கி முன் இருக்கையில் பத்திரமாக வைத்தார். பெண்டாட்டி கேட்டால் நான்தான் எடுத்து வந்தேன் என்று சொல்வேன் என்றார். சாய்கல் சிரித்தாள். அடுத்தவர் கஷ்டத்தை விசாரிக்கும் தெம்பு அவளுக்கு அன்றைக்குத்தான் வந்திருந்தது.

"மத்த ஊர்ல எதுலயும் ஓடலையாமே. அவங்க கதி என்னண்ணே ஆகும்?"

மார்ஸ் சுரண்டுவதை நிறுத்திவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"அவங்களுக்கு என்ன தங்கச்சி, ஓடலேன்னா கையால எழுத ஆள் வேணுமேன்னு அவங்கள அப்படியே விட்டுட்டாங்க, ஓடுற ஆபீஸைத்தான் இனிமே நகரத்துலருந்தே பாத்துக்கலாம்னு மூடுறாங்க."